பால்நிறக் கஃப்தானில் ஒரு கை

போன வார அத்தியாயத்தில் பத்தூலைக் கெனித்ரா போகும் ரயிலில், மடியில் ஒரு துணிமூட்டையோடு விட்டுவிட்டு வந்தோம். மூட்டைக்குள் இருந்தது அவளுடைய மாமியார் லல்லா ஸக்கியாவின் கல்யாணக் கஃப்தான், தரை தொடும் பட்டு அங்கி. கேட்காமல் எடுத்தது. கொண்டு போனதோ, அந்த வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் பெயர் சொல்லாத நாத்தனார் ஸிஹாமின் மருதாணி விழாவுக்கு.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. பத்தூல் ஸலா நகரத்துக்குத் திரும்பிவிட்டாள். கடையின் பின்னறையில், சலவை மேசையில் முழங்கையை ஊன்றியபடி, கண் திறந்தே தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஆகஸ்டு மாதத்தில் ஸலாவில் கல்யாணம் நடக்காத தெருவே இல்லை. கல்யாணம் முடிந்தால் எல்லார் வீட்டு விருந்துத் துணியும் வந்து சேருமிடம் லல்லா ஸக்கியாவின் சலவைக்கடை. கம்பி நெடுகக் கஃப்தான்கள் தொங்குகின்றன. நீலப் பட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. ரோஜா நிறத்தில் புதினாத் தேநீர். பச்சை வெல்வெட்டில் மெழுகுவர்த்தி ஒழுகல். ஒரு மணப்பெண்ணின் மாமியாருடைய தோளில் உதட்டுச் சாயம்; அது யாருடைய உதடு என்று கேட்பதில்லை, சலவைக்காரர்களுக்கு அதெல்லாம் வழக்கமில்லை.

குழம்புக்கு டால்கம் மாவு. மெழுகுக்குத் தாளும் சூடான இஸ்திரியும். தேநீருக்குப் பச்சைத் தண்ணீரும் எலுமிச்சையும். ஜூன் மாதத்திலிருந்து பத்தூலின் கைகள் இதைத்தான் செய்கின்றன. இப்போதெல்லாம் அவளைக் கேட்காமலே செய்கின்றன.

அங்கேதான் வினை வந்தது.

மேசையில் விரித்திருந்தது மாமியாரின் கஃப்தான். பால் நிறப் பட்டு, முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டு முடிச்சுப் பொத்தான்கள், ஓரமெல்லாம் தங்கச்சரிகைப் பின்னல். வலது சட்டைக் கையின் விளிம்புக்கு மேலே, ஒரு உள்ளங்கையும் நான்கு விரல்களும் ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தன. கறை என்று கண் சொன்னது, எலுமிச்சை என்று கை சொன்னது. பாதிப் பழத்தைப் பிழிந்து, பஞ்சில் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

ஆரஞ்சு நிறம் அவள் கண்ணெதிரே செங்கல் நிறமாயிற்று.

பத்தூலுக்கு அப்போதுதான் தூக்கம் தெளிந்தது. நேற்று மாலை, மருதாணி போடுகிற பெண் ஸிஹாமின் கையில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து ஒற்றிக்கொண்டிருந்தாள். நன்றாகச் சிவந்து, சீக்கிரம் போகாமல் நிற்பதற்காக. அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, இதே பத்தூல்தான்.

"அல்லாஹ்வே, என் கையை ஒடிச்சுப் போடு" என்றாள் வாய்விட்டு.

"கை ஒடிஞ்சா இதையெல்லாம் யாரு துவைக்கிறது?" என்று கேட்டபடி அவள் கணவன் முனீர் உள்ளே வந்தான். தோளில் இன்னும் ஒரு சுமை துணி. மேசையைப் பார்த்தான். சுமையைக் கீழே போட்டான்.

"இது அம்மாவோடது."

"தெரியும்."

"இன்னிக்கு தாமி மாமா வீட்டுல பேர் வைக்கிற விருந்து. அம்மா இதைத்தான் போடுவாங்க."

"அதுவும் தெரியும். சத்தம் போடாதீங்க."

முனீர் குனிந்து பார்த்தான். "ஜாவெல் ப்ளீச் தண்ணி ஒரு சொட்டு விடவா?"

"பட்டுல ஜாவெலா? சலவைக்காரி பெத்த பிள்ளை பேசற பேச்சா இது? கறையோட சேர்ந்து சட்டைக் கையும் போயிடும்."

"அப்ப என்ன பண்றது?"

"நீங்க போய் கடையைத் திறங்க. அது போதும்."

அவன் போகவில்லை. தயங்கித் தயங்கி, "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டான். தங்கச்சியைப் பார்க்கப் போகாதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அதனால் அவன் இரண்டு வருஷமாக நடுவிலேயே நிற்கிறான்.

"இளைச்சிருக்கா" என்றாள் பத்தூல். மீதியைச் சொல்லவில்லை.

மீதி என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருதாணி போடும்போது மணப்பெண்ணின் தோளில் அவள் தாயின் கஃப்தானைப் போர்த்துவார்கள். ஸிஹாமின் தாய் வரப்போவதில்லை. தாயின் அண்ணன் ஹாஜி தாமியின் மகன் யூனுஸைக் கட்டிக்கொள்ளச் சொல்லி நாள் குறித்த பிறகு, ஸிஹாம் முடியாது என்றுவிட்டாள். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுத லல்லா ஸக்கியா, அண்ணன் வீட்டுக் கூடத்திலேயே எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அல்லாஹ் மேல ஆணையா, இவ கல்யாணம் எங்கே நடந்தாலும் அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்." ஸிஹாம் மறுநாளே கெனித்ராவுக்கு, தகப்பன் வழி அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நாளை சனிக்கிழமை, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருக்கிற அன்வருடன் அவளுக்குக் கல்யாணம்.

தாய் வராவிட்டால் தாயின் துணியாவது போகட்டும் என்று பத்தூல் நினைத்தாள். நல்ல மனசுதான். நல்ல மனசு பாதி வேலையைத்தான் செய்யும்.

அவள் கஃப்தானை விரித்துப் பிடித்ததும், சுற்றியிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். ஸிஹாமின் முகம் மலர்ந்தது. "அம்மா குடுத்தாங்களா?" என்றாள்.

பத்தூல் பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"அப்ப அவங்களுக்குத் தெரியவே தெரியாது?"

"தெரியாது."

"ஆளு வராம துணி மட்டும் வருதா?" ஈரமான மருதாணிக் கையால் அந்தக் கஃப்தானை ஒரே தள்ளாகத் தள்ளினாள் ஸிஹாம். "எனக்கு வேண்டாம் அண்ணி. கொண்டு போயிடுங்க." குலவை பாதியில் நின்றது.

இந்தக் கறை அந்தத் தள்ளலில் விழுந்தது.

பத்தூல் கறையைப் பாலில் ஊறவைத்தாள். வழவழப்பான கறுப்புச் சோப்பைத் தடவினாள். ஸ்பிரிட்டால் ஒற்றினாள். சுற்றியிருந்த ஈரம்தான் பரவியது. விரல்கள் இன்னும் தெளிவாக, திருத்தமாக நின்றன. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழலாமா என்று யோசித்தாள். அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"பத்தூல்! என் கஃப்தான் எங்கே? அலமாரியில ஹேங்கர் மட்டும் தொங்குது."

ஒளிப்பதற்கு நேரமிருந்தது. கம்பியில் தொங்கும் அத்தனை கஃப்தான்களுக்கு நடுவே ஒன்றைத் திணித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? லல்லா ஸக்கியாவுக்குத் தெரியும். கறையைப் பார்த்தே எந்த விருந்து, எந்தப் பந்தி என்று சொல்லிவிடுகிறவள் அவள். பத்தூல் எழுந்து நின்றாள், அவ்வளவுதான்.

லல்லா ஸக்கியா கதவருகில் நின்று மேசையைப் பார்த்தாள். நடந்து வந்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"எலுமிச்சை போட்டியா?"

"ஆமா அத்தை."

"மருதாணிக்கு எலுமிச்சை போடற சலவைக்காரியை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

"தூக்கக் கலக்கம் அத்தை."

அந்த இடத்தில் இடி விழும் என்று பத்தூல் காத்திருந்தாள். விழவில்லை. மாமியாரின் விரல் கறையின் ஓரமாகவே நகர்ந்தது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல். சுண்டுவிரலில் வந்து நின்றது. அந்தச் சுண்டுவிரல் குட்டை. நுனி இல்லை.

இந்த அறையில், அந்த மூலையில் நிற்கிற இஸ்திரி இயந்திரத்தில்தான் ஸிஹாமின் விரல் நுனி போனது. அப்போது அவள் நடை பழகும் குழந்தை. ஒரு பண்டிகைக்கு முந்தின நாள், வேலை தலைக்கு மேல், தாய் ஒரு கணம் முதுகைத் திருப்பியிருந்தாள்.

"எப்போ?" என்றாள் லல்லா ஸக்கியா.

"நேத்து சாயங்காலம். மருதாணி விழா." என்றாள் பத்தூல். "நான்தான் எடுத்துட்டுப் போனேன். கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு கேக்கலை. திட்டுங்க அத்தை. வீட்டை விட்டுப் போன்னு மட்டும் சொல்லாதீங்க, நடக்கக்கூட தெம்பு இல்ல."

மாமியார் திட்டவில்லை. சட்டைக் கையைப் புரட்டி, உள்பக்கத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பழையபடி திருப்பி வைத்தாள்.

"கையில பிடிச்சாளா?" என்று கேட்டாள்.

பத்தூல் நிமிர்ந்தாள். உண்மையைச் சொல்ல இதுதான் நேரம். நேற்று உண்மையைச் சொல்லித்தான் இந்தக் கதி. நாளைக்குக் கல்யாணம். இந்தக் கிழவியின் மனசு இளகினால் இன்று இளக வேண்டும், இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. பத்தூல் தலையை ஆட்டினாள். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல ஓர் ஆட்டம்.

"சரி" என்றாள் லல்லா ஸக்கியா. "ஈரத்தை உலர்த்து. பின்பக்கமா இஸ்திரி போடு. சாயங்காலம் அஸர் தொழுதுட்டுக் கிளம்பணும்."

"அத்தை, கறை?"

"அது போகாது. போக விடமாட்டேன்னு நீதான் எலுமிச்சை போட்டு உறுதி பண்ணிட்டியே."

ஹாஜி தாமியின் வீடு பழைய நகரத்தில், சந்துக்குள் சந்து. காலையில் ஆடு அறுத்த வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. உள்ளே குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. யாருடைய குழந்தை என்கிறீர்கள்? ஸிஹாம் வேண்டாம் என்றாளே, அந்த யூனுஸின் குழந்தைதான். அவன் தெத்துவானில் ஒரு பெண்ணைக் கட்டி, சந்தோஷமாக, தொந்தி வைத்து, தோளில் மகளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். மறுக்கப்பட்டவன் எப்போதோ மறந்துவிட்டான். அவனுக்காகக் கோபித்துக்கொண்டவர்கள்தான் இன்னும் அந்தச் சுமையை இறக்கவில்லை.

"வாங்க அத்தை, வாங்க!" என்று யூனுஸ் ஓடிவந்து லல்லா ஸக்கியாவின் தலையில் முத்தமிட்டான். பாலும் பேரீச்சம்பழமும் வந்தன. அவள் வலது கையை நீட்டிப் பாலை வாங்கினாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சு குறைந்தது. வெள்ளைப் பட்டில் செங்கல் நிறக் கை. ஊரார் துணியில் ஒரு புள்ளி இல்லாமல் அனுப்புகிறவளின் துணியில்!

ஹாஜியின் மனைவி ஹபீபா மாமிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து காதோடு சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "ஸக்கியா, சட்டைக் கையில ஏதோ கறை. கவனிக்கலையா? உள்ளே வா, என்னோடது ஒண்ணு தர்றேன், மாத்திக்கோ."

"கவனிச்சேன் அண்ணி."

"பின்னே?"

"மருதாணி. என் பொண்ணு கை."

பத்தூல் தட்டில் இருந்த பாதாம் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலை நிமிர்ந்தால் எல்லார் கண்ணும் தன்மேல்தான் இருக்கும் என்று தோன்றியது.

சுவரோரம் சாய்ந்திருந்த ஹாஜி தாமி தஸ்பீஹ் மணிமாலையை உருட்டுவதை நிறுத்தினார். "எந்தப் பொண்ணு?" என்றார்.

"எனக்கு எத்தனை பொண்ணு இருக்கு அண்ணே?"

"இந்தக் கூடத்துல நின்னுதான் அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னே."

"சொன்னேன். தப்புதான். ஆணையை முறிக்கிறதுக்குப் பத்து ஏழைக்குச் சோறு போட்டுடறேன், அல்லாஹ் மன்னிப்பான். நீங்க மன்னிக்கிறது உங்க இஷ்டம்." அவள் சட்டைக் கையை மடியில் நன்றாகத் தெரியும்படி விரித்து வைத்தாள். "பாருங்க. மருதாணி விழாவுல என் துணியைப் பிடிச்சு வச்ச கை. விடமாட்டேன்னு பிடிச்சிருக்கா. நாளைக்கு நான் போறேன்."

பத்தூல் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். பிடித்த கை! எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாளே. நாளைக்கு அங்கே வாசலில் ஸிஹாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்த அம்மாள் எங்கே போய் நிற்பாள்? அண்ணன் வீடும் இல்லாமல், மகள் வீடும் இல்லாமல்!

"போனா இந்த வாசலை மறந்துட வேண்டியதுதான்" என்றார் ஹாஜி தாமி.

"வாப்பா" என்றான் யூனுஸ், தோளில் தூங்கும் குழந்தையைத் தட்டியபடி. "எனக்கே இல்லாத கோவம் உங்களுக்கு எதுக்கு?"

"நீ சும்மா இரு."

லல்லா ஸக்கியா பாலைக் குடித்து முடித்தாள். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். அண்ணன் தலையிலும் குனிந்து முத்தமிட்டாள். அவர் விலகவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "வா பத்தூல்" என்று எழுந்துவிட்டாள். கறியும் கொடிமுந்திரியும் அப்போதுதான் பந்திக்கு வந்துகொண்டிருந்தன.

திரும்பும் வழியில் வெயில் இறங்கியிருந்தது. மூடியிருந்த ஒரு தச்சுப்பட்டறைப் படியில் லல்லா ஸக்கியா சட்டென்று உட்கார்ந்தாள்.

"முடியலை" என்றாள். "கால் முடியலை, கோவப்படவும் முடியலை. ரெண்டு வருஷம் இதைத் தூக்கிட்டு நடந்திருக்கேன் பாரு."

பத்தூல் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனியும் தாங்காது. "அத்தை, ஒண்ணு சொல்லணும். அந்தக் கை…"

"பிடிச்ச கை இல்ல. தெரியும்."

பத்தூல் திகைத்துப் பார்த்தாள்.

"பிடிச்சா கட்டைவிரல் மறுபக்கம் பதியும். உள்ளே திருப்பிப் பார்த்தேன், சுத்தமா இருந்துச்சு. உள்ளங்கை அழுத்தமா, விரல் எல்லாம் இழுவையா. தள்ளின கை இது." லல்லா ஸக்கியா கறையைத் தடவினாள். "என் வாழ்க்கை பூரா ஊரார் கறையைப் பார்த்திருக்கேன். என் பொண்ணு கறை தெரியாதா?"

"பின்னே ஏன் அங்கே அப்படி…"

"அவங்ககிட்ட எதுக்கு அவளை விட்டுக் குடுக்கணும்? பிடிச்சான்னே இருக்கட்டும்." ஒரு பெருமூச்சு. "கூப்பிட்டா போகலாம்னு காத்திருந்தேன். கூப்பிட மாட்டா. நான் பெத்ததுதானே, என் திமிர்தானே இருக்கும். என்ன சொன்னா தள்ளும்போது?"

"ஆளு வராம துணி மட்டும் வருதான்னு கேட்டா அத்தை."

லல்லா ஸக்கியாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைத்துக்கொள்ள அவள் எடுத்தது அதே சட்டைக் கைதான். கறையில் இன்னொரு ஈரம் விழுந்தது.

"நாளைக்கு வாசல்லயே தள்ளிட்டா?" என்றாள் பத்தூல் மெதுவாக.

"தள்ளட்டும். நாளைக்குத் தள்ளினா துணிக்குள்ளே நான் இருப்பேன்."

பத்தூலின் பையில் கைப்பேசி நடுங்கியது. எடுத்துப் பார்த்தாள். ஸிஹாம். ஒரே ஒரு வரி: 'அண்ணி, கறை போச்சா?'

என்ன பதில் போடுவது என்று தெரியாமல் மாமியாரிடம் நீட்டினாள். லல்லா ஸக்கியா கண்ணாடியை மாட்டி, அந்த ஒரு வரியை ஒரு கடிதம் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள்.

"போகலைன்னு போடு" என்றாள். "வேற ஒண்ணும் போடாதே."